காதலர் தினத்தில் மனம் இரண்டுபட்டால்

பெப்ரவரி 14 நெருங்கும்போது மட்டக்களப்புக் கடைத்தெருவில் தொங்கும் சிவப்பு இதயங்களைக் கண்டு ஆசையும் எரிச்சலும் ஒருங்கே எழுகிறவர், முதலில் தம் துணையுடன் அதைப் பற்றிக் கதைக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்லாமல் அந்த நாளைப் புறக்கணித்தால், வியாபாரத்தின் மீதான வெறுப்பைத் தம்மீதுள்ள அலட்சியமாக மற்றவர் எடுத்துக்கொள்வார். "பொருள் எதுவும் வேண்டாம், அன்று மாலை என்னோடு இருந்தால் போதும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்த நாள் முழுவதும் கடைக்காரரின் கற்பனை என்று ஒதுக்குவதும் முறையன்று. வலண்டைன் என்னும் உரோமைப் புனிதரின் நினைவுநாள் மிகப் பழையது; 14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிதையிலேயே அது காதலோடு சேர்ந்துவிட்டது; இதய வடிவச் சொக்கலேட் பெட்டி 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. ஆகவே பெட்டியை மறுத்துவிட்டு நாளை வைத்துக்கொள்ளலாம். கத்தோலிக்கக் குடும்பத்தினர் நாட்காட்டியையும் பார்ப்பது நல்லது, ஏனெனில் 2018, 2024 ஆண்டுகளில் இதே திகதியில், தவக்காலம் தொடங்கும் நோன்பு நாளான விபூதிப் புதன் வந்தது. ஒறுத்தல் நாளில் விருந்து வைக்க இயலாது.

செலவை முன்பே தீர்மானியுங்கள். எங்கள் பகுதியில் இது பெரும்போக வேளாண்மை வெட்டும் காலம். நெல் விற்று, உரத்துக்கும் உழவுக்கும் வாங்கிய கடனை அடைக்குமுன் கைக்காசைப் பரிசுக்குக் கரைப்பது வீட்டில் மனக்கசப்பையே வளர்க்கும். பரிசு அவசியமென்றால் வெட்டு முடிந்த பின் வாங்கலாம், அன்பு அதற்குள் பழசாகிவிடாது.

துணை கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்தால், அங்கு நேரம் இரண்டரை மணித்தியாலம் பிந்தியது என்பதை நினைவில் வைத்து, அவர் வேலை முடிந்து ஆறியிருக்கும் வேளையை அழைப்புக்குக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருவரும் சேர்ந்திருப்பவர்களுக்கு, கூட்டம் நிறைந்த அந்த மாலையைவிட அடுத்த போயா தினத்தையே, அதாவது பௌர்ணமி நாளையே, நான் பரிந்துரைப்பேன். அன்று பொது விடுமுறை. பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தருகே வாவியில் பாடும் மீனின் ஓசை கேட்கும் என்று ஊரார் காலங்காலமாகச் சொல்லிவருவதால், அங்கு நடந்து போகவும் ஒரு காரணம் இருக்கும்.

இவ்வளவும் தீர்மானித்த பின்னும் துணைக்கு ரோசாப்பூவில் ஆசையிருந்தால், முகம் சுளிக்காமல் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.