கோஹாவுக்கு மாறும் நூலகங்கள் செய்யக்கூடாத தவறுகள்

கல்லூரி நூலகங்கள் பழைய மென்பொருளை விட்டுவிட்டு, கோஹா என்ற இலவச நூலக மேலாண்மை மென்பொருளுக்கு மாறுவது இப்போது அடிக்கடி நடக்கிறது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரப்போகிறது என்றால் இன்னும் வேகமாக நடக்கிறது. புதிதாகப் பொறுப்பேற்ற நூலகர்கள் கூப்பிடும்போது போய்ப் பார்த்தால், எங்கள் தலைமுறை இடறிய அதே இடங்களில்தான் அவர்களும் இடறிக்கொண்டிருக்கிறார்கள். கடவுச்சொல்லை மானிட்டரில் ஒட்டிவைக்காதீர்கள், யூபிஎஸ் இல்லாமல் சர்வரை ஓட்டாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இலவசம் என்று கணக்குப் போடுவது

கோஹா 2000 ஜனவரியில் நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகங்களில் முதன்முதலாக ஓடத் தொடங்கியது. அன்றைக்கும் இன்றைக்கும் உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் சர்வருக்குச் செலவு உண்டு, லினக்ஸ் தெரிந்த ஆளுக்குச் சம்பளம் உண்டு. முதல் வருடம் ஒரு மாணவரை வைத்து நிறுவிவிட்டு, அவர் படிப்பு முடிந்து போனதும் தொடவே பயந்து அப்படியே கிடக்கும் சர்வர்களை நிறையப் பார்க்கலாம். முதல்வருக்கு அனுப்பும் முதல் கோப்பிலேயே ஆண்டுப் பராமரிப்புத் தொகையையும் எழுதிவிடுங்கள். பிறகு கேட்டால், "ஃப்ரீ சாஃப்ட்வேர்தானே?" என்ற பதில்தான் வரும்.

பாமினியை அப்படியே ஏற்றுவது

இதைப் பற்றித்தான் நீளமாகச் சொல்லவேண்டும். இன்னும் எரிச்சல் அடங்காத விஷயம் இது.

பழைய மென்பொருள்களில் தமிழ்ப் புத்தகத் தலைப்புகளைப் பாமினி, வானவில் மாதிரியான எழுத்துருக்களில்தான் தட்டினோம். திரையில் தமிழ் தெரியும். ஆனால் தரவுத்தளத்துக்குள் இருப்பது தமிழே இல்லை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். அதைத் தமிழாகக் காட்டுவது அந்தக் கணினியில் இருக்கும் எழுத்துரு மட்டுமே. சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என்று தரக் குறியீடுகளைக் கொடுத்தது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது, எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோடுதான் என்று அரசாணையே வந்தது. அதற்குப் பிறகும் நூலகங்களில் பாமினி ஓடியது. தட்டச்சருக்கு விரல் பழகிவிட்டது, வேறென்ன.

தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் தரவு மாற்றும் வேலையை எடுத்த நிறுவனம், இந்தக் குப்பையை அப்படியே கோஹாவில் ஏற்றிவிட்டது. ஓபேக்கில், அதாவது வாசகர்கள் புத்தகம் தேடும் இணையப் பட்டியலில், தமிழ்ப் புத்தகங்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக் கலவையாகத் தெரிந்தன. நூலகர் கேட்டதும் அவர்கள் செய்த வேலையைக் கேளுங்கள்: ஓபேக் தோற்றத்துக்கான அமைப்பில் ஒரு வரி எழுதி, தலைப்புகளைப் பாமினி எழுத்துருவில் காட்டச் சொல்லிவிட்டார்கள். நூலகத்துக் கணினிகளில் பாமினி நிறுவியிருந்ததால் அங்கே எல்லாம் அழகாகத் தெரிந்தது. குழு வந்தது, பார்த்தது, போனது.

மாணவன் ஒருவன் தன் கைபேசியில் 'பாரதியார்' என்று தட்டித் தேடியிருக்கிறான். ஒன்றும் வரவில்லை. கவுன்டருக்கு வந்து, "மேடம், நம்ம லைப்ரரில பாரதியார் புக்கே இல்லையா?" என்று கேட்டான். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு அடுக்கு முழுவதும் பாரதியார். அவர் தன் திரையைத் திருப்பிக் காட்டினார்: "இங்க நல்லாத்தானே தெரியுது?" தெரியும், தேட முடியாது. அதற்குப் பின்னும் புதிதாக வந்த புத்தகங்களைப் பாமினியிலேயே பதிந்துகொண்டிருந்தார்கள். பார்வைக்கு ஒழுங்காக இருந்ததே!

சரி, மாற்றிக்கொள்ளலாமே, பாமினியை யூனிகோடாக்கத்தான் மாற்றி நிரல்கள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன. ஆனால் எந்தப் பதிவு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்பது தரவுத்தளத்தில் எங்கேயும் எழுதியிருக்காது. மொத்தக் கோப்பையும் மாற்றியில் போட்டால் ஆங்கிலத் தலைப்புகளும் சேர்ந்து தமிழ் எழுத்துக் குப்பையாகிவிடும். முதலில் தமிழ்ப் பதிவுகளைப் பிரிக்கவேண்டும். நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களாக எழுதும் வடிவம்தான் மார்க். மார்க் பதிவின் 008 புலத்தில் மொழிக் குறியீட்டை ஒழுங்காகப் போட்டிருந்தால் ஒரே வினவலில் பிரித்துவிடலாம். பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி வகைப்பாடு வைத்திருக்கும் நூலகம் என்றால் 894.811ஐப் பிடித்தால் தமிழ் இலக்கியம் கையில் வந்துவிடும். மீதியைப் பதிவேட்டை வைத்துத்தான் பிரிக்கவேண்டும்.

அப்புறம் எக்செல். தலைப்புகள் 'அழகாக' இருக்கட்டும் என்று யாரோ ஒருவர் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாக்கும் சூத்திரத்தை ஓட்டியிருப்பார். பாமினியில் ஆங்கிலச் சிறிய 'n' என்றால் ஒற்றைக் கொம்பு, பெரிய 'N' என்றால் இரட்டைக் கொம்பு. 'சொல்' எல்லாம் 'சோல்' ஆகிவிடும். இதை எந்த மாற்றியாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் திருத்தவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 'கௌதமன்' பாமினியில் கொம்பு, க, ள என்றுதான் இருக்கும். சாதாரண மாற்றி அதைக் கெ, ள என்று இரண்டு எழுத்தாக்கிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. ஔகாரம் வரும் சொற்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள்.

ஆகவே வரிசை இதுதான். பிரியுங்கள். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம் ஆகிய புலங்களை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் சில புத்தகங்களை எடுத்து, கையில் வைத்துக்கொண்டு பதிவோடு ஒப்பிடுங்கள். முதலில் ஒரு சோதனைக் கோஹாவில் ஏற்றுங்கள். ஸீப்ரா தேடுபொறியின் இயல்பான அமைப்பு தமிழுக்குச் சரிப்படாது. அதைப் பன்மொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியூ முறைக்கு மாற்றி, அட்டவணையை முழுக்கத் திரும்பக் கட்டுங்கள். கடைசியாக, எந்தத் தமிழ் எழுத்துருவும் தனியாக நிறுவாத ஒரு கைபேசியில் தேடிப் பாருங்கள். நூலகத்துக் கணினியில் தேடிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்தக் கல்லூரியில் கடைசியில் தமிழ்த்துறை மாணவர்களை உட்காரவைத்துப் பெரும்பகுதியைத் திரும்பத் தட்டவேண்டியதாயிற்று. அந்த நிறுவனத்துக்குப் பணம் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது.

ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு பதிவு

பொறியியல் கணிதப் பாடப்புத்தகம் நாற்பது பிரதி இருந்தால், பழைய எக்செல் தாளில் நாற்பது வரி இருக்கும். அதை அப்படியே ஏற்றினால் ஓபேக்கில் ஒரே புத்தகம் நாற்பது முறை வந்து நிற்கும். முன்பதிவும் சரியாக வேலை செய்யாது. இன்னொரு பிரதி அடுக்கில் சும்மா இருக்கும்போதே மாணவர் காத்திருப்பார். புத்தகத்துக்கு ஒரு பதிவு, பிரதிகள் அதன் 952 புலத்தில். ஏற்றுவதற்கு முன்பே சேர்த்துவிடுங்கள். ஏற்றிய பிறகு சேர்ப்பதும் முடியும், ஆனால் கை ஒடிந்துவிடும்.

எக்செல்லும் எண்களும்

சேர்ப்பு எண், ஐஎஸ்பிஎன் இரண்டு நெடுவரிசைகளையும் முதலிலேயே 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள். இல்லையென்றால் முன்னால் உள்ள சுழியம் போய்விடும்.

மூல நிரலில் கை வைப்பது

ரசீதில் கல்லூரிப் பெயர் வரவேண்டும், ஒரு பொத்தானை மறைக்கவேண்டும் என்றெல்லாம் கோஹாவின் நிரல் கோப்புகளையே திருத்துகிறார்கள். மே மாதமும் நவம்பர் மாதமும் புதிய பதிப்பு வருகிறது. 24.05, 24.11 என்ற எண்கள் ஆண்டையும் மாதத்தையும் குறிப்பவைதான். மேம்படுத்திய அன்றே உங்கள் திருத்தம் காணாமல் போகும். அந்தப் பயத்தில் மேம்படுத்துவதையே நிறுத்திவிடுகிறார்கள், பாதுகாப்பு ஓட்டைகளும் அடைபடாமல் அப்படியே இருக்கும். தோற்றத்தை மாற்ற அமைப்புகளிலேயே இடம் இருக்கிறது, மிஞ்சியதற்குச் செருகுநிரல் இருக்கிறது.

காப்பு நகல்

எடுத்தால் போதாது. வேறொரு கணினியில் ஏற்றித் திறந்து பாருங்கள்.

மாநாட்டுக்குச் சான்றிதழுக்காகப் போவது

பதவி உயர்வுக்குச் சான்றிதழ் தேவைப்படுகிறது, புரிகிறது. ஆனால் 'கல்லூரி நூலகங்களில் கோஹாவின் பயன்கள்' என்று இன்னொரு கட்டுரையை யாரும் கேட்கவில்லை. 2011இல் கோஹாவின் உலக மாநாடு மும்பைக்குப் பக்கத்தில் தானேயில் நடந்தது. அந்த மாநாடுகளில் உரைகள் முடிந்த பிறகும் சில நாள் உட்கார்ந்து நிரல் எழுதுவார்கள், சோதிப்பார்கள். உருப்படியான பேச்சு அங்கேதான் நடக்கும். நம் பக்கத்துக் கருத்தரங்குகளில் அது இல்லையென்றாலும் தேநீர் இடைவேளை இருக்கிறது. உங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை மடிக்கணினியில் திறந்து வைத்துக்கொண்டு, அதே வேலையைச் செய்து முடித்தவரைத் தேடிப் பிடியுங்கள்.

"கோஹா வேலை செய்யவில்லை, அவசரம்"

வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு வரியும், கைபேசியில் சாய்வாக எடுத்த ஒரு படமும். எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், என்ன செய்யும்போது நின்றது, பிழைப் பதிவில் கடைசி வரி என்ன என்று நாலு தகவல் கொடுங்கள். பதில் கிடைத்து வேலை முடிந்ததும் எது சரிப்பட்டது என்று அங்கேயே எழுதுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. அடுத்த வாரம் இன்னொருவர் அதே கேள்வியோடு வருகிறார்.

நிரல் தெரியாது, நம்மால் என்ன செய்ய முடியும் என்று ஒதுங்கவும் வேண்டாம். கோஹாவில் ஒரு திருத்தம் சேரவேண்டுமானால் எழுதியவர் அல்லாத ஒருவர் அதைச் சோதித்துக் கையெழுத்திடவேண்டும். அதன் பிறகுதான் தரச் சோதனைக்குப் போகும். உலாவியிலேயே திறந்து சோதிக்கும் வசதி உண்டு. தமிழ்த் தலைப்புகள், தமிழ் வரிசைப்படுத்தல் சம்பந்தப்பட்டவற்றை நம்மைவிட்டால் யார் சோதிப்பார்கள்?

ஒப்பந்தத்தில் தரவைப் பற்றி எழுதாமல் விடுவது

முழுத் தரவுத்தளப் பிரதியும் மார்க் கோப்பும் கேட்டபோது தரப்படும், சர்வரின் நிர்வாகக் கடவுச்சொல் நூலகத்திடம் இருக்கும்: இந்த இரண்டு வரியும் கட்டாயம் இருக்கட்டும். வேலை முடிந்ததாகச் சொல்லும் அன்று, அந்தக் கடவுச்சொல்லை வாங்கி நீங்களே உள்ளே நுழைந்து பாருங்கள். கடைசித் தவணைக் காசோலை அதற்கு அப்புறம்.