கடல் நத்தை வளர்க்க: முதலில் வெப்பமானி, பிறகு நத்தை

கண்ணாடியிலும் கல்லிலும் படரும் பாசியைத் தின்னக் கடல்நீர்த் தொட்டிக்கு நத்தை வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு கடையில் ‘மார்கரிட்டா’ என்ற பெயரில் ஆறு நத்தைகள் வாங்கினேன். இராமநாதபுரத்தில் என் வீட்டுத் தொட்டியில் நீர் 28 டிகிரி. ஐந்து வாரங்களில் ஆறும் இறந்துவிட்டன. அவை வட பசிபிக் கரையின் குளிர்ந்த நீரில் பிடிக்கப்படும் இனம் என்று பிறகுதான் படித்து அறிந்தேன். வெப்பமான நீரில் அவற்றின் உடல் வேகமாக இயங்கும், ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும். ஆனால் நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். நாளுக்கு நாள் தளர்ந்து மடியும். கலிபோர்னியப் பாறைகளில் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய கறுப்பு டெகுலா நத்தையையும் இப்படி வெப்பத் தொட்டிக்கு விற்கிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே முதல் வேலை, நத்தை எந்தக் கடலில் பிறந்தது என்று கேட்பது. விற்பவருக்குத் தெரியாவிட்டால் வாங்காதீர்கள். நம் கடல்நீர் சித்திரை, வைகாசியில் 30 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் பிறந்த நத்தைதான் நம் வீட்டுக்குப் பொருந்தும்.

அடுத்தது, கடையில் வாங்காமல் கரையில் நாமே எடுப்பதானால், எங்கே எடுப்பது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலும் அவற்றைச் சுற்றிய கடலிலும் எதையும் எடுக்கக் கூடாது. மற்றக் கரைகளிலும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பல சங்கினங்களைக் காக்கிறது. ஐவிரல் சங்கு வகைகள் சிலவும் அதில் அடங்கும். உயிர்ப் பவளமும் அப்படியே. என் தொட்டியில் இருப்பவை செயற்கைக் கற்கள் மட்டுமே. எடுக்க நினைக்கும் இடத்தையும் இனத்தையும் சொல்லி, வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

நீர் வற்றும் நேரத்தில் பாறையில் ஒட்டியிருக்கும் சிறு நெரைட் நத்தைகளே தொடக்கக்காரருக்கு நல்லவை. வெயிலையும் மழைநீரையும் தாங்கிப் பழகியவை. ஓட்டின் வாயைப் பாருங்கள். வாய் வட்டமாகவோ அரைவட்டமாகவோ இருந்தால் பெரும்பாலும் பாசி தின்னும் இனம். வாயின் முனையில் குழாய்போல் பள்ளம் நீண்டிருந்தால், அது மற்ற நத்தைகளை ஓட்டையிட்டுத் தின்னும் வேட்டையாடியாக இருக்கலாம். உள்ளே கால்கள் தெரிந்தால் அது நத்தையல்ல, சங்கு நண்டு. கூம்பு வடிவச் சங்கை மட்டும் கையால் தொடவே வேண்டாம். அதன் நஞ்சு மனிதரையும் கொல்லும். சிறிய தொட்டிக்கு ஐந்தாறு நத்தைகள் போதும்.

ஈரத் துணி சுற்றிய வாளியில், கொஞ்சம் கடல்நீருடன், நிழலில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். வந்ததும் தொட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைநீரின் உப்பு குறைந்திருக்கும். தொட்டியிலோ, உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 இருக்கும். மெல்லிய குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டி நீரை நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக இரண்டு மணி நேரம் வாளிக்குள் விடுங்கள். இந்தப் பொறுமைதான் பாதி வெற்றி. வாளியின் பழைய நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

தொட்டியில் அம்மோனியா இருக்கவே கூடாது. மீன் நோய்க்குச் செம்பு கலந்த மருந்து ஊற்றிய தொட்டியில் நத்தை பிழைக்காது. நெரைட் இரவில் நீருக்கு மேலே ஏறி வெளியே விழும், ஆகவே மூடி அவசியம். கோடையில் நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி ஓடினால் இரண்டு டிகிரி வரை குறையும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அங்கேயே தங்கிவிடும். குறைந்த அளவை நன்னீரால் நிரப்புங்கள். மின்தடைக்கு மின்கலத்தில் ஓடும் காற்று பம்பு ஒன்றும் கையில் இருக்கட்டும்.

பாசி தீர்ந்துவிட்டால் நத்தை பட்டினி கிடக்கும். அப்போது உலர்ந்த கடற்பாசித் துண்டைக் கல்லில் கட்டிவிடுங்கள்.

இரவில் விளக்கணைத்த பின் டார்ச் அடித்து எண்ணிப் பாருங்கள். மல்லாந்து கிடப்பதைத் திருப்பி விடுங்கள். இரண்டு நாளாக அசையாததை எடுத்து முகர்ந்து பாருங்கள். அழுகல் நாற்றம் வந்தால் அன்றே அகற்றுங்கள், ஒரு நத்தை அழுகினாலே சிறு தொட்டி கெடும். வேறு கடல் உயிர்களுடன் இருந்த நத்தையை மீண்டும் கடலில் விடாதீர்கள். அதனுடன் நோயும் போய்ச் சேரலாம்.