போகச் செலவை வரைபடமாகப் பார்ப்பது: ஆப்ஷீட்டில் படிப்படியாக

வவுணதீவுப் பக்கம் மாமாவுக்கு வயல் இருக்கிறது, உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர். உழவு, விதைநெல், பசளை, மருந்து, வெட்டு மெசின் என்று ஒவ்வொரு செலவையும் கொப்பியில் எழுதி வைப்பார். அந்தக் கணக்கைப் போனில் பதியும்படி ஒரு செயலி செய்து, பெரும்போகம், சிறுபோகம் என்ற இரண்டு நெல் போகத்தையும் ஒப்பிடும் வரைபடமும் போட்டுக் கொடுத்தேன். பார்த்ததும் கேட்டார்: "என்ன மகள், பசளைக்கு ஒண்டும் செலவழிக்கல்லையா?" பசளைக்கு நேரே கட்டையே இல்லை. அது ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவு பிடித்தது.

கூகுள் ஷீட் பழக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆப்ஷீட் என்பது ஷீட்டில் உள்ள கணக்கை வைத்து, நிரல்மொழி எழுதாமலே செயலி செய்யும் கூகுளின் கருவி. அதைத் தேர்ந்ததற்குக் காரணம், சாதாரண ஜிமெயில் கணக்கே போதும். மைக்ரோசாஃப்டின் பவர் ஆப்ஸுக்கு அலுவலக அல்லது பள்ளிக் கணக்கு வேண்டும், வயல்காரர் வீட்டில் அது இருக்காது. ஆப்ஷீட்டில் 10 பேர் வரை இலவசமாகவே பரீட்சித்துப் பார்க்கலாம்.

படி 1. ஷீட்டில் 'செலவு' என்று ஒரு தாள். திகதி, போகம், வகை, தொகை என நான்கு நிரல்கள், முன்னால் ஓர் அடையாள எண் நிரல். ஒன்றும் எழுதுமுன் ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போய், லொகேலை யுனைட்டட் கிங்டம் என்று மாற்றுங்கள். அமெரிக்க அமைப்பில் விட்டால் 3/11 என்று நீங்கள் போடும் நவம்பர் 3, மார்ச் 11 ஆகிவிடும். 13/11 திகதியாகவே ஏறாது. பிறகு ஆப்ஷீட்டிலும் அந்த அட்டவணையின் லொகேல் இதேதானா என்று பாருங்கள்.

படி 2. எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ஆப்ஷீட்டைத் தெரிந்து செயலியை உருவாக்குங்கள். திகதிக்கு டேட், போகத்துக்கும் வகைக்கும் ஈனம் (Enum, பட்டியலிலிருந்து ஒன்றைத் தெரியும் வகை), தொகைக்கு நம்பர் என்று நிரல் வகைகளை நீங்களே குறித்துவிடுங்கள். ஆப்ஷீட்டின் ஊகத்தை நம்பி விட வேண்டாம்.

என் பசளைக் கட்டை காணாமல் போனது இந்த இடத்தில்தான். கொப்பியில் 48,500/= என்று இருந்ததை அப்படியே ஷீட்டில் அடித்திருந்தேன். நம் கடைப் பில்லெல்லாம் அப்படித்தானே வரும்! அந்த /= கூடவே வந்தால் ஷீட்டுக்கு அது எண் அல்ல, வெறும் எழுத்து. கூட்டும்போது பேசாமல் விட்டுவிட்டுப் போகும், பிழை என்றும் காட்டாது. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நீங்கள் அலைன்மெண்ட் எதையும் மாற்றாவிட்டால் எண் கட்டத்தின் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்து இடது ஓரத்தில் ஒட்டும். தொகை நிரலை மேலிருந்து கீழே பாருங்கள். இடதுபக்கம் ஒதுங்கி நிற்பவை எல்லாம் கணக்கில் சேராதவை. ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸில் /= ஐ வெறுமையாக மாற்றினால் சரி.

படி 3. போகம். இதில் அவசரப்பட வேண்டாம். பெரும்போகம் ஒரு வருடத்தில் விதைத்து அடுத்த வருடத்தில் வெட்டுவது, அதனால்தான் 2023/24 பெரும்போகம் என்கிறோம். வருடத்தை வைத்து வரைந்தால் ஒரே போகத்தின் உழவுக்கூலி 2023இலும் வெட்டுக்கூலி 2024இலும் போய் விழும். சரி, மாதத்தைப் பார்த்துப் போகத்தைப் பிரிக்கும் சூத்திரம் எழுதலாம் என்று முயன்றேன். அதுவும் ஒத்துவரவில்லை. பெரும்போகத்துப் பசளைக் கடனை மாமா நெல் விற்ற பிறகு ஏப்ரலில்தான் கட்டினார், சூத்திரம் அதைச் சிறுபோகத்தில் சேர்த்துவிட்டது. காசு போன நாள் வேறு, அது எந்த வேளாண்மைக்குப் போனது என்பது வேறு. அதனால் பதிகிறவரே பட்டியலிலிருந்து போகத்தைத் தெரியட்டும். ஒரு தட்டு கூடுதல், அவ்வளவுதான்.

படி 4. 'சுருக்கம்' என்று இன்னொரு தாள். வரிசைகளில் வகைகள், நிரல்களில் போகங்கள், கட்டங்களில் சம்இஃப்ஸ் (SUMIFS, வகையும் போகமும் பொருந்தும் தொகைகளை மட்டும் கூட்டும் சூத்திரம்). செயலிக்குள்ளேயே கூட்டிக் காட்டவும் வழி உண்டு, ஆனால் எனக்கு ஷீட்டில் கூட்டுவதுதான் பிடிக்கும். தொகை பிழைத்தால் எந்தக் கட்டம் என்று கண்ணால் பார்க்கலாம். இந்தத் தாளைச் செயலியில் சேர்க்கும்போது வாசிக்க மட்டும் என்று வைத்துவிடுங்கள்.

கூட்டின தொகையை அப்படியே வரையாதீர்கள், ஏக்கரால் வகுங்கள். சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீரைப் பார்த்துத்தான் எவ்வளவு விதைப்பது என்று தீர்மானமாகும். பெரும்போகத்தில் 8 ஏக்கருக்கு வெட்டுக்கூலி 96,000, சிறுபோகத்தில் 5 ஏக்கருக்கு 65,000 என்று வையுங்கள். மொத்தத்தை வரைந்தால் சிறுபோகம் மலிவு. ஏக்கருக்குப் பார்த்தால் 12,000, 13,000. சிறுபோகத்தில்தான் கூட.

படி 5. புதிய வியூ, வகை சார்ட். வட்ட வரைபடம் வேண்டாம். எட்டு வகைச் செலவை எட்டுத் துண்டாக வெட்டினால் எது பெரிது என்று போன் திரையில் தெரியாது, இரண்டு போகத்தை அருகருகே வைக்கவும் முடியாது. கிடையாகப் படுக்கும் கட்டைகளே நல்லது. 'வெட்டு மெசின் கூலி' போன்ற நீளப் பெயர்கள் நிற்கும் கட்டைக்குக் கீழே சரிந்து நசுங்கும், கிடையில் முழுதாக வாசிக்கலாம். நிறம் இரண்டு போதும். நான் பெரும்போகத்துக்குப் பச்சை, சிறுபோகத்துக்குக் கடும் மஞ்சள் வைத்தேன்.

பிற்சேர்க்கை: அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர், வயலில் நின்று பதிந்த செலவு வரைபடத்தில் வரவில்லை என்று எழுதியிருந்தார். சிக்னல் இல்லாத இடத்தில் பதிவு போனிலேயே தங்கும். கூட்டல் நடப்பது ஷீட்டில் என்பதால், சிக்னல் வந்து சிங்க் ஆன பிறகுதான் கட்டை நீளும். அதுவரை அதையே இரண்டாம் தரம் பதியாதீர்கள், சிங்க் ஆகும்போது இரண்டும் சேர்ந்தே ஏறும்.

அப்புறம், அடுத்த போகம் தொடங்கும்போது போகப் பட்டியலில் பெயரைச் சேர்த்தால் மட்டும் போதாது. சுருக்கத் தாளிலும் அதற்கு ஒரு நிரல் போட்டு, ஆப்ஷீட்டில் அந்த அட்டவணையின் நிரல்களை மறுபடி வாசிக்க வையுங்கள்.