பெற்றோர் துணையில்லாமல் ஃபாஃப்ஸா நிரப்புவது எப்படி? அமெரிக்காவில் வீடில்லாமல் படிக்கும் மாணவர்களுக்கு

அமெரிக்காவில் கல்லூரிப் படிப்புக்கு மத்திய அரசின் உதவித்தொகை வேண்டுமென்றால் ஃபாஃப்ஸா விண்ணப்பத்தை நிரப்பியாக வேண்டும். 24 வயது ஆகாத, கல்யாணம் ஆகாத மாணவரிடம் அது பொதுவாக அப்பா அம்மாவின் வருமான விவரத்தையும் அவர்கள் ஒப்புதலையும் கேட்கும். வீட்டை விட்டு வந்துவிட்ட பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் விண்ணப்பத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. 2007-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, பெற்றோர் துணையில்லாமல் வீடற்று இருக்கும் மாணவர் ‘இண்டிபென்டன்ட்’ (பெற்றோரைச் சாராதவர்) கணக்கில் வருவார். பெற்றோர் வருமானம், கையெழுத்து எதுவும் தேவைப்படாது.

தொடங்கும் முன் ஒன்று. இந்தப் பணம் அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், அகதியாகவோ அசைலத்திலோ ஏற்கப்பட்டவர்கள் போன்றோருக்குத்தான். எஃப்-1 மாணவர் விசாவில் வந்தவர்களுக்குக் கிடையாது. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4-ல் இங்கேயே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கும் கிடையாது. அநியாயமாகத்தான் தோன்றும், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

படி 1: நீங்கள் இந்தக் கணக்கில் வருகிறீர்களா?

வீடற்றவர் என்றதும் நடைபாதையில் படுத்திருப்பவர்தான் நினைவுக்கு வருவார். 1987-ன் மெக்கின்னி-வென்டோ சட்டம் பார்ப்பது வேறு. இரவு தங்க உங்களுக்கு நிலையான, தொடர்ந்து கிடைக்கிற, போதுமான இடம் இருக்கிறதா என்பதுதான் அதன் கேள்வி. காரில் தூங்குகிறவர், மோட்டலில் இருப்பவர், ஷெல்டரில் இருப்பவர் எல்லோரும் வருவார்கள். போக வேறு இடமில்லாமல் நண்பன் வீட்டு சோஃபாவில் படுத்திருப்பவரும் வருவார். கல்லூரி விடுதியில் இருந்தாலும், விடுதியை மூடினால் போக்கிடம் இல்லை என்றால் அவரும் வருவார்.

நம் குடும்பங்களில் இதை எப்படிச் சொல்வோம்? “பையன் கொஞ்ச நாள் ஆன்ட்டி வீட்டில் இருக்கிறான்” என்போம். அந்த ஆன்ட்டி எப்போது வேண்டுமானாலும் “வேறு இடம் பார்த்துக்கொள்ளப்பா” என்று சொல்லலாம் என்றால், அது நிலையான இடமில்லை. கௌரவம் பார்த்து ‘ஹோம்லெஸ்’ பெட்டியைத் தொடாமல் விடுவதில் நஷ்டம் மாணவருக்குத்தான்.

அடிக்கும் பெற்றோரிடமிருந்து தப்பி வந்தவருக்கு, “திரும்பி வா, சோறு போடுகிறோம்” என்று அவர்கள் அழைத்தாலும் தகுதி உண்டு. வீடு இன்னும் கையை விட்டுப் போகவில்லை, ஆனால் வாடகை கட்ட முடியாமல் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், சொந்தக் காலில்தான் நிற்கிறீர்கள் என்றாலும் தகுதி உண்டு.

படி 2: விண்ணப்பத்துக்கு முன் கடிதம்

எனக்குத் தெரிந்து பாதி வேலை இந்த ஒரு கடிதத்தில்தான் இருக்கிறது. நீங்கள் துணையில்லாத வீடற்ற மாணவர் என்று எழுதித் தரக்கூடியவர்கள் யார் என்று சட்டமே சொல்கிறது: பள்ளி மாவட்டத்தின் மெக்கின்னி-வென்டோ லியாய்சன் (வீடற்ற மாணவர்களைக் கவனிக்கும் பொறுப்பாளர்), ஷெல்டர் அல்லது வீடற்றோருக்கான மற்ற சேவைகளின் இயக்குநர், ஏழை மாணவர்களைக் கல்லூரிக்குத் தயார் செய்யும் ட்ரியோ, கியர் அப் என்ற அரசுத் திட்டங்களின் இயக்குநர், ஏற்கெனவே உங்களை இப்படிப் பதிந்த வேறொரு கல்லூரியின் நிதியுதவி அலுவலர்.

ஹைஸ்கூலில் இருப்பவருக்கு லியாய்சன்தான் எளிது. எந்தப் பள்ளி மாவட்டமானாலும் அப்படி ஒருவர் இருந்தே ஆக வேண்டும். பள்ளி கவுன்சிலருக்கு (மாணவர் ஆலோசகர்) அவர் யாரென்று தெரியாவிட்டால் மாவட்ட அலுவலகத்துக்கு போன் போட்டுக் கேளுங்கள். ஜூனில் பள்ளி முடிந்தபின் ஆளைப் பிடிப்பது கஷ்டம், அதனால் மே மாதத்துக்குள் கடிதம் கையில் இருக்கட்டும்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. 2026–27 கல்வியாண்டு விண்ணப்பத்துக்கு இப்படி இருந்தால் போதும்:

“மேற்கண்ட மாணவர் 2025 ஜூலை 1-க்குப் பிறகு பெற்றோர் அல்லது பாதுகாவலர் பராமரிப்பில் இல்லாமல், வீடற்ற நிலையில் இருந்தார் என்று உறுதி செய்கிறேன்.”

மேலே பெயர், பிறந்த தேதி. கீழே எழுதியவரின் பதவி, கையெழுத்து, தேதி, தொலைபேசி எண். ஏன் வீட்டை விட்டு வந்தீர்கள் என்ற கதை இதில் வரவே கூடாது. ஸ்கூல்ஹவுஸ் கனெக்‌ஷன் என்ற தொண்டு நிறுவனத்தின் தளத்தில் மாதிரிப் படிவமே இருக்கிறது. அதை அச்செடுத்துக் கொண்டுபோனால் எழுதித் தருகிறவருக்கும் சுலபம்.

படி 3: கணக்கு திறப்பது

ஸ்டூடன்ட்எய்ட்.கவ் தளத்தில் உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணோடு கணக்கு திறக்க வேண்டும். பள்ளி தந்த ஈமெயிலைக் கொடுக்காதீர்கள், பள்ளி முடிந்ததும் அது போய்விடும். போனுக்குப் பணம் கட்டாமல் எண் துண்டிக்கப்பட வாய்ப்புள்ளவர்கள், போன் இல்லாமலும் கணக்கில் நுழையத் தளம் தருகிற பேக்கப் கோடைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முகவரிக்கு, தபால் உறுதியாகக் கையில் கிடைக்கும் இடம் எதுவானாலும் சரி. நண்பர் வீடு போதும். கல்லூரி சம்மதித்தால் கல்லூரி முகவரியையே போடலாம்.

படி 4: அந்தக் கேள்வி

விண்ணப்பம் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1 வாக்கில் திறக்கும். தனிப்பட்ட நிலைமை பற்றிய பகுதியில், துணையில்லாமல் வீடற்று இருந்தீர்களா, அல்லது சொந்தச் செலவில் வாழ்ந்து வீடு இழக்கும் நிலையில் இருந்தீர்களா என்று கேட்கும். ஆம் என்றதும், இதை உறுதி செய்தவர் யார் என்று ஒரு பட்டியல் வரும். கடிதம் தந்தவரைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் பெற்றோரை விண்ணப்பத்தில் சேர்க்கத் தேவையில்லை.

கடிதம் கிடைக்கவில்லையா? யாரும் உறுதி செய்யவில்லை என்று உண்மையைச் சொல்லுங்கள். அடுத்து அசாதாரணச் சூழ்நிலை பற்றிய கேள்வி வந்தால் அதையும் நிதானமாகப் படித்துப் பதில் சொல்லுங்கள். தற்காலிகமாக இண்டிபென்டன்ட் என்ற நிலையில், பெற்றோர் விவரம் இல்லாமலேயே விண்ணப்பத்தை அனுப்ப முடியும். பிறகு கல்லூரி முடிவு செய்யும்.

வருமான வரித் தகவலை எடுக்க ஒப்புதல் கேட்கும் இடத்தில் கட்டாயம் ஒப்புக்கொள்ளுங்கள். வரி தாக்கல் செய்யாதவரும் ஒப்புக்கொள்ள வேண்டும், மறுத்தால் மத்திய அரசின் உதவி எதுவும் கிடைக்காது.

படி 5: கல்லூரி நிதியுதவி அலுவலகம்

கடிதம் இல்லாதவர்களுக்கு எல்லாம் இங்கேதான். உங்கள் எழுத்து வாக்குமூலத்தை அல்லது நேர்காணலை வைத்து அலுவலர் முடிவு செய்தாக வேண்டும். எங்களால் முடியாது என்று திருப்பி அனுப்ப அவருக்கு அதிகாரமில்லை. நீங்கள் கல்லூரியில் சேர்ந்து 60 நாளுக்குள் முடிவு வர வேண்டும். எங்கெங்கே, எப்போதிலிருந்து எப்போது வரை தங்கினீர்கள் என்று மாதவாரியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அவர் பார்க்க வேண்டியது உங்கள் தங்குமிட நிலைமையை மட்டும், வீடற்றுப் போனதன் காரணத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது.

கூடவே ஒரு வித்தியாசம் தெரிந்திருக்கட்டும். அப்பா அம்மா வீட்டில்தான் இருக்கிறீர்கள், ஆனால் அவர்கள் பணம் தர மாட்டார்கள் அல்லது விவரம் தர மாட்டார்கள் என்றால், அது இந்தக் கணக்கில் சேராது. அப்படிப்பட்டவருக்குக் கல்லூரி அனுமதித்தால் அன்சப்சிடைஸ்டு கடன் (படிக்கும்போதே வட்டி ஏறும் கடன்) மட்டும் கிடைக்கலாம்.

படி 6: கிடைப்பது என்ன?

வரி தாக்கல் செய்யத் தேவையில்லாத அளவு குறைந்த வருமானமுள்ள இண்டிபென்டன்ட் மாணவருக்கு, ஃபாஃப்ஸா கணக்கிடும் எண் (இது குறையக் குறைய உதவி கூடும்) மைனஸ் 1,500 வரை இறங்கும். மத்திய அரசின் பெல் கிராண்ட் என்ற உதவித்தொகை முழுதாகக் கிடைக்கும்: 2025–26-ல் அது அதிகபட்சம் 7,395 டாலர், திருப்பித் தர வேண்டாம். முதலாண்டில் 9,500 டாலர் வரை மத்திய அரசின் கடனும் எடுக்கலாம். அதில் 3,500 வரைதான் படிக்கும்போது வட்டி ஏறாத கடன். முடிந்தவரை கடனைத் தொடாதீர்கள். வொர்க்-ஸ்டடி (படித்துக்கொண்டே பகுதிநேர வேலை பார்க்கும் அரசுத் திட்டம்) கிடைத்தால் விடாதீர்கள், ஏனென்றால் அதில் வேலை பார்ப்பவருக்கு ஸ்னாப் உணவு உதவி பெறவும் வழி திறக்கிறது.

பணத்தைத் தாண்டியும் கேளுங்கள். டிசம்பர் விடுமுறையில் எந்த விடுதி திறந்திருக்கும் என்று ஆகஸ்டிலேயே விசாரியுங்கள். கலிஃபோர்னியாவில் 2016-ல் வந்த சட்டங்களால், கம்யூனிட்டி கல்லூரிகளில் வீடற்ற மாணவர்களுக்கென்று ஒரு லியாய்சன் உண்டு. குளியலறை உள்ள கல்லூரிகள் அங்கே படிக்கும் வீடற்ற மாணவர்களைக் குளிக்க அனுமதிக்க வேண்டும்.

ஃபாஃப்ஸாவை வருடாவருடம் நிரப்ப வேண்டும். அதே கல்லூரியில் தொடர்ந்தால், நிலைமை மாறவில்லை என்றால் மறுபடியும் நிரூபிக்கத் தேவையில்லை. வேறு கல்லூரிக்கு மாறுகிறீர்கள் என்றால், கிளம்பும் முன் பழைய கல்லூரி நிதியுதவி அலுவலரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புதிய இடத்தில் அந்தக் கடிதமே செல்லும்.