கொட்டிலை விட்டு வெளியே வர மறுக்கும் பன்றி: தொடக்கநிலை வளர்ப்பாளர்களுக்கான செய்முறை

உங்கள் பன்றி கொட்டிலின் வாசல் வரை வருகிறது, மூக்கை நீட்டி முகர்கிறது, பிறகு திரும்பிப் போய் மூலையில் படுத்துக்கொள்கிறது. தீனித் தட்டைக் காட்டினாலும் அசைவதில்லை. இப்படி நடந்தால் பன்றி அடம்பிடிக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வாசலைத் தாண்டினால் ஏதோ கெடுதல் நேரும் என்று அது கணக்குப் போட்டிருக்கிறது. பெரும்பாலும் அந்தக் கணக்கில் நியாயம் இருக்கும். கெடுதல் என்னவென்று கண்டுபிடித்து விலக்குவது நம் வேலை. வெளியே வருவது அதன் வேலை, அதை அது தன் காலாலேயே செய்ய வேண்டும்.

படி 1: முதலில் உடம்பு

பயிற்சி, பழக்கம் எல்லாம் பிறகு. காலையில் வைத்த தீனியைத் தின்றதா, தண்ணீர் குடித்ததா, சாணமும் சிறுநீரும் ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள். பன்றி தான் படுக்கும் இடத்தை இயல்பாகவே சுத்தமாக வைத்துக்கொள்ளும் விலங்கு. இடம் தாராளமாக இருந்தும் படுக்கையிலேயே அசுத்தம் செய்திருந்தால், எழுந்து நடக்க முடியாத வலியோ கடுமையான பயமோ இருக்கக்கூடும்.

ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்தால் நலமான பன்றிக்கு ஏறத்தாழ 101.5 முதல் 103.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். 104-ஐத் தாண்டினால் காய்ச்சல். தோலில் சாய்சதுர வடிவில் சிவந்த தடிப்புகள், விறைத்த நடை, ஒரு நாள் முழுக்கத் தீனி தொடாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். காயடித்த ஆண் பன்றி முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழித்தால் மறுநாள் வரை காத்திருக்கவே கூடாது, சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்திருக்கலாம். வீட்டில் இருக்கும் வலி மாத்திரையை உங்கள் யோசனைப்படி கொடுக்காதீர்கள்.

குளம்புகளையும் பாருங்கள். மென்மையான தரையிலேயே வாழும் பன்றிக்குக் குளம்பு தேயாமல் நீண்டு வளைந்துவிடும், நடந்தால் வலிக்கும். செல்லமாக வளரும் பன்றிகளிடம் இன்னொரு குறையையும் காணலாம். அளவுக்கு மீறிக் கொழுத்தால் நெற்றி மடிப்பு சரிந்து கண்ணை மறைத்துவிடும். கண் தெரியாத பன்றி படி இறங்கத் தயங்குவதில் வியப்பில்லை. அதற்கு மருந்து தீனிக் குறைப்புதான், அதையும் மருத்துவரைக் கேட்டு மெதுவாகச் செய்ய வேண்டும்.

பெண் பன்றி சினையாக இருந்தால் நாள் கணக்கைப் பாருங்கள். சினைக்காலம் ஏறத்தாழ 114 நாள். ஈனுவதற்கு முந்தைய நாள் அது வைக்கோலைக் குவித்துக் கூடு கட்டத் தொடங்கும், வெளியே வராது. அப்போது அதைத் தொந்தரவு செய்யாமல் விடுங்கள்.

படி 2: எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை

ஒரு தாளில் மூன்று நாள் குறித்து வையுங்கள். காலை, நண்பகல், மாலை, இரவு என்று நான்கு கட்டம் போதும். பாதிக் காரணம் இதிலேயே தெரிந்துவிடும். இரவில் வந்து பகலில் வராவிட்டால் வெயிலையோ கூசும் வெளிச்சத்தையோ சந்தேகப்படுங்கள். குறிப்பிட்ட ஒரு நேரத்தில் மட்டும் உள்ளே ஓடினால் அந்த நேரத்துச் சத்தத்தைத் தேடுங்கள். எந்த நேரமும் வராமல், உள்ளே வைத்ததை மட்டும் நன்றாகத் தின்றால் வாசலிலோ தரையிலோ கோளாறு இருக்கிறது.

படி 3: பன்றியின் உயரத்தில் இருந்து பாருங்கள்

பலரும் தவிர்க்கும் படி இது. கொட்டிலுக்குள் போய் முட்டி போட்டு, தலையைப் பன்றியின் கண் மட்டத்துக்குத் தாழ்த்தி வாசல் வழியாக வெளியே பாருங்கள். நின்றபடி நீங்கள் ஒருநாளும் கவனிக்காத பலவும் அங்கே இருக்கும்.

பன்றியின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறத்தாழ 310 டிகிரி சுற்றளவை அது பார்க்கும். ஆனால் எதிரே இருப்பதன் ஆழத்தைக் கணிப்பதில் அது திறமைசாலி இல்லை. தரையில் விழும் கறுத்த நிழல் அதற்குக் குழியாகத் தெரியக்கூடும். வாசலில் தேங்கிய நீர், கறுப்புச் சிமென்டுக்கும் வெள்ளைச் சிமென்டுக்கும் நடுவே உள்ள கோடு, சாக்கடை மூடியின் இரும்புக் கம்பி, வெயிலில் மின்னும் எவர்சில்வர் வாளி, இவற்றில் எதன் முன்னும் அது நின்றுவிடும். இருட்டிலிருந்து மங்கலான வெளிச்சத்துக்கு நடக்கப் பன்றிக்குத் தயக்கமில்லை. கண்ணைக் குத்தும் வெளிச்சம் என்றால் நகராது. சுண்ணாம்பு அடித்த எதிர்ச்சுவர் காலை வெயிலில் பளீரென்று அடிக்கிறதா என்று பாருங்கள்.

வடசென்னையில் நான் குறிப்பாகக் கவனிக்கச் சொல்வது தார்ப்பாய். திருவொற்றியூர், காசிமேடு பக்கம் நண்பகலுக்கு மேல் கடற்காற்று எழும். கட்டாமல் விட்ட தார்ப்பாய் நுனி அந்தக் காற்றில் படபடவென்று அடிக்கும், அதன் நிழலும் தரையில் ஓடும். காலையில் உற்சாகமாக உலவிய பன்றி மதியத்துக்குப் பிறகு வெளியே வராததற்கு அது ஒன்றே போதும். நுனியை இழுத்துக் கட்டுங்கள், வாளியை நகர்த்துங்கள், வாசலுக்கு மேலே இரண்டு முழம் கீற்றுச் சார்ப்பு இறக்குங்கள். வெளிச்சம் படிப்படியாகக் கூடினால் பன்றியின் தயக்கம் பெருமளவு குறையும்.

படி 4: தரை

வழவழப்பான கடப்பாக்கல்லில் ஒரு முறை சறுக்கி விழுந்த பன்றி அந்த இடத்தை எளிதில் மறக்காது. வாசலின் இரு பக்கமும் ரப்பர் விரிப்போ மடித்த கோணியோ போட்டு, நகராதபடி ஓரத்தில் கல் வையுங்கள். உள்ளே இருக்கும் வைக்கோலில் கொஞ்சம் வெளியேயும் பரப்பினால் தரை மாறுவது தெரியாது, தன் வாசனையும் அதற்குத் துணையாக இருக்கும். வாசலில் படி இருந்தால் சாய்தளம் போடுங்கள். ஓர் அடி உயரத்துக்கு நான்கு அடி நீளமாவது வேண்டும், மேலே குறுக்குச் சட்டங்கள் அடித்திருக்க வேண்டும்.

படி 5: சத்தமும் நாயும்

பன்றிக்கு மனிதக் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலிகளும் கேட்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள், கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயில்கள் என்று நம் பகுதியின் அன்றாடச் சத்தமே அதிகம். இவை தொடர்ந்து வருவதால் பன்றி பழகிவிடும். திடீரென்று வருவதற்குத்தான் அது நடுங்கும். தீபாவளி வெடி, தெருவில் போகும் சாவு ஊர்வலத்தின் மேளமும் சரவெடியும் அப்படிப்பட்டவை. அந்த நாளில் வெளியே அழைக்க முயலாதீர்கள். உள்ளே வைக்கோலைக் கூட்டிப் போட்டு, கொட்டிலின் தெருப் பக்கத்தைக் கனமான கோணியால் மறைத்து, மறுநாள் வரை விடுங்கள்.

தெருநாய் இன்னும் பெரிய சிக்கல். நாய்களுக்குப் பன்றி இரை. வேலிக்கு வெளியே ஒரு நாய் படுத்திருந்தாலும் அந்த வாசனை பன்றிக்குத் தெரியும், அதன் பயம் முழுக்க முழுக்க நியாயமானது. வேலியின் கீழ்ப்பகுதியை மூன்றடி உயரத்துக்குத் தகரத்தாலோ பலகையாலோ அடைத்து, மேலே காற்று வர வலையாக விடுங்கள். வேலி இல்லாமல் பன்றியைத் தெருவில் விடும் எண்ணமே வேண்டாம். தெருவில் திரியும் பன்றிகளை மாநகராட்சி பிடித்துப் போகும். நகர எல்லைக்குள் வளர்க்கும் விதிகளை உங்கள் மண்டல அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: வெயிலும் மழையும்

வியர்த்து உடலைக் குளிர்விக்கும் வசதி பன்றிக்குக் கிட்டத்தட்ட இல்லை. கத்திரி வெயிலில் அது நிழலை விட்டு வராமல் இருப்பது புத்திசாலித்தனம். அதை மாற்ற முயலாமல் உங்கள் நேரத்தை மாற்றுங்கள்: காலை ஏழு மணிக்கு முன், மாலை வெயில் தாழ்ந்த பின். வாசலுக்கு அருகிலேயே நிழலில் ஒரு சேற்றுக்குழி அமைத்தால் வெளியே வர அதற்கு ஒரு காரணமும் கிடைக்கும். வெளிர் நிறப் பன்றிக்குத் தோல் வெயிலில் புண்ணாகும் என்பதால் நிழல் கட்டாயம். வாயைத் திறந்து வேகமாக இரைத்தால் உடனே உடம்பில் தண்ணீர் தெளித்து விசிறிவிட்டு, மருத்துவரை அழையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு போன்ற தாழ்வான இடங்களில் வாசலிலேயே நீர் நிற்கும். சாக்கடை கலந்த அந்த நீரில் இறங்க மறுக்கும் பன்றியை வற்புறுத்தக் கூடாது. கொட்டிலின் தரையைத் தெருமட்டத்துக்கு மேல் உயர்த்துவதே வழி.

படி 7: தீனியால் அழைத்து வருதல்

தடைகள் நீங்கிய பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும். அன்றாடத் தீனியில் பாதியைப் பயிற்சிக்கு எடுத்து வையுங்கள், பட்டினி போட்டு இழுக்க வேண்டாம். முதல் நாள் தட்டை வாசலுக்கு உள்ளே ஒரு சாண் தள்ளி வைத்து, நீங்கள் தள்ளிப் போய்விடுங்கள். பதறாமல் தின்றால் அடுத்த நாள் வாசற்படியில். பிறகு வெளியே ஒரு சாண், அதன் பிறகு ஒரு முழம். தயங்கினால் முந்தைய இடத்துக்கே தட்டைத் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லால், ஒரே குரலில் கூப்பிடுங்கள். பன்றி அதை விரைவில் கற்றுக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கதவு. பன்றி வெளியே வந்த நொடியில் பின்னால் கதவைச் சாத்தினீர்கள் என்றால் அதுவரை செய்த வேலை வீண். திரும்பும் வழி திறந்திருக்கிறது என்று நம்பும் பன்றிதான் தூரம் போகும். பத்து முறை உள்ளே ஓடினாலும் ஓடட்டும்.

ஆசைகாட்ட வெள்ளரித் துண்டு, பூசணி, உப்பில்லாத பொரி, கொய்யா ஆகியவை நல்லவை. கருவாடு, மிக்சர், ஊறுகாய் வேண்டாம். தண்ணீர் குறையும் வேளையில் உப்பு பன்றிக்கு நஞ்சாகி வலிப்பு வரை கொண்டுபோகும். ஓட்டல் மிச்சமும் வேண்டாம். 2020-இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இறைச்சி கலந்த மிச்சங்கள் வழியாகவும் பரவும், அதற்குச் சிகிச்சை இல்லை.

காதையோ வாலையோ பிடித்து இழுப்பது, கயிறு கட்டி இழுப்பது, குச்சியால் குத்துவது எல்லாமே கொடுமை, பயனும் இல்லை. பின்னாலிருந்து தள்ளினால் பன்றி எதிர்த்துத் தள்ளும். வெள்ளம், தீ போன்ற அவசரத்தில் மட்டும், அகலமான ஒட்டுப்பலகை ஒன்றைப் பிடித்து அதன் தோளுக்குப் பின்பக்கம் நின்று மெதுவாக நகருங்கள். முன்னே வழி திறந்திருக்க, பின்னே பலகை சுவராகத் தெரிந்தால் அது முன்னோக்கி நடக்கும்.

படி 8: கூண்டு

வெளியே வரப் பழகியதும் இதையும் பழக்கிவிடுங்கள். பன்றி நின்று திரும்பும் அளவுள்ள மரப்பெட்டியையோ கம்பிக் கூண்டையோ முற்றத்தில் வைத்து, உள்ளே அதன் வைக்கோலைப் பரப்பி, கதவைத் திறந்தே விட்டு, வாரத்தில் சில வேளை தீனியை அதற்குள் வையுங்கள். வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சரக்கு வண்டியில் கொண்டுபோக வேண்டிய நாளில், காய்ச்சலோடு இருக்கும் பன்றியை நான்கு பேர் அமுக்கித் தூக்கும் நிலை வராது. வண்டியில் கூண்டின் மேல் ஈரக் கோணி போடுங்கள், வெயில் ஏறும் முன்பே கிளம்புங்கள்.