செனீசோ: தண்ணீர் ஊற்றினால் சாகும் செடி

டெக்சாஸில் ஆஸ்டின், சான் அன்டோனியோ பக்கம் வீடு வாங்கி, முன்பக்கத்தில் என்ன வைக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது செனீசோ. டெக்சாஸ் சேஜ் என்றும் சொல்வார்கள், சமையல் சேஜுக்கும் இதற்கும் சொந்தம் கிடையாது. ஸ்பானிஷில் செனீசா என்றால் சாம்பல். இலை திருநீறு பூசிய மாதிரிதான் இருக்கும், ஆனால் கிட்டத்தில் பார்த்தால் அது பொடியில்லை, பொடிப்பொடி ரோமம். வெயிலைத் திருப்பியடித்து ஈரத்தைக் காப்பது அதுதான்.

முதல் செடியை நானே கொன்றேன். குழி நிறைய கம்போஸ்ட், பக்கத்தில் புல்தரைக்குப் போட்ட ஸ்பிரிங்க்ளர். இலை மஞ்சளாகிக் கொட்டியதும், தாகம் போல என்று இன்னும் ஊற்றினேன்! பிடுங்கிப் பார்த்தால் வேர் கருத்து அழுகிக் கிடந்தது.

அதனால் இடம்தான் முக்கியம். நாள் முழுக்க வெயில் விழவேண்டும், நிழலில் வைத்தால் ஒல்லியாக நீண்டு பூக்காமல் நிற்கும். குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், மறுநாளும் தேங்கி நின்றால் அங்கே வேண்டாம், அல்லது மண்ணை ஒரு அடி மேடாக்கி அதன்மேல் நடுங்கள். சுண்ணாம்புக்கல் மண் இதற்குப் பிறந்த வீடு. அக்டோபர், நவம்பரில் நடுவது நல்லது. தொட்டி அளவு ஆழம், இரண்டு மடங்கு அகலம், தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு, தண்டின் அடி மண்ணுக்குக் கொஞ்சம் மேலே தெரியும்படி விடுங்கள். உரம் வேண்டாம். முதல் கோடையில் வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர், அப்புறம் மழை பார்த்துக்கொள்ளும்.

ஆறேழு அடி வளரும், செடிக்குச் செடி ஐந்தாறு அடி விடுங்கள். அவ்வளவு இடமில்லை என்றால் காம்பாக்டா வகை வாங்கலாம். கடை வாசல்களில் இதைச் சதுரப் பெட்டியாக வெட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நுனியோடு மொட்டும் போய்விடும். பிப்ரவரி கடைசியில் நீண்ட கிளைகளை மட்டும் உள்ளே கைவிட்டு வெட்டினால் போதும்.

2005-ல் இதை மாநிலத்தின் சொந்தப் புதர்ச்செடியாக அறிவித்தார்கள். ஊர்க்காரர்கள் பாரோமீட்டர் புஷ் என்பார்கள், காற்றில் ஈரம் ஏறினால் மொட்டு கட்டும். ஆகஸ்டில் ஒரு நல்ல மழை பெய்தபின் போய்ப் பாருங்கள், சாம்பல் இலை தெரியாத அளவுக்கு ஊதாப் பூ, ஒவ்வொன்றிலும் தலையை விட்டுக் கொண்டு ஒரு தேனீ.