உள்ளாட்சிப் பணியாளர் எந்தச் சான்றிதழை முதலில் பெற வேண்டும்?

தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றியத்திலோ நகராட்சியிலோ பேரூராட்சியிலோ இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர், வெளியில் சான்றிதழ்ப் படிப்பு எதையும் தேடுவதற்கு முன், தம் பதவிக்குரிய பணி விதிகளை வாங்கிப் படிக்க வேண்டும். தகுதிகாண் பருவத்தை முடிக்க எந்தப் பயிற்சி தேவை, அடுத்த பதவி உயர்வுக்கு எந்தத் துறைத் தேர்வு தேவை என்ற இரண்டும் அந்த விதிகளில்தான் இருக்கின்றன. பக்கத்து இருக்கையில் இருப்பவர் எழுதிய தேர்வையே நாமும் எழுதினால் போதும் என்று நினைப்பது சரியல்ல. பேரூராட்சிக்கும் ஊரக வளர்ச்சித் துறைக்கும் பணி விதிகள் வேறு; ஒரே அலுவலகத்திலும் பதவிக்குப் பதவி தேவை மாறும்.

அலுவலக எழுத்து வேலை பார்க்கும் அமைச்சுப் பணியாளர்களுக்கான அடிப்படைப் பயிற்சி பவானிசாகரில் உள்ள அரசு அலுவலர் பயிற்சி நிலையத்தில் நடைபெறுகிறது. அது உங்கள் பதவிக்கு விதிக்கப்பட்டிருந்தால், ஆணை வரும் வரை காத்திருக்காமல், உங்கள் பெயர் அனுப்பப்பட்டுள்ளதா என்று பணியமைப்புப் பிரிவில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

துறைத் தேர்வுகளை அரசுப் பணியாளர் தேர்வாணையம் வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை, மே மற்றும் டிசம்பர் பருவங்களில் நடத்துகிறது. அலுவலகங்களில் ‘அக்கவுண்ட் டெஸ்ட்’ என்று சொல்லப்படும் சார்நிலை அலுவலர்களுக்கான கணக்குத் தேர்வு, அலுவலக நடைமுறை நூல் தேர்வு, ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் பணிபுரிவோருக்கான ஊராட்சி வளர்ச்சிக் கணக்குத் தேர்வு ஆகியவை இவற்றுள் அதிகம் பேசப்படுபவை. ஒவ்வொரு தேர்வுக்கும் தனிக் குறியீட்டு எண் உண்டு. பெயர்கள் ஒன்றுபோலவே ஒலிப்பதால் தேர்வு மாறிப்போவதற்கு இடமிருக்கிறது. பணி விதியில் உள்ள முழுப் பெயரையும் அறிவிக்கையில் உள்ள பெயரையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்ட பிறகே கட்டணம் செலுத்த வேண்டும்.

புத்தகத்தைப் பார்த்து எழுத அனுமதி உள்ள தாள்கள் எளிதானவை என்ற எண்ணத்தில் பலர் படிக்காமலே போகிறார்கள். உண்மையில் அத்தாள்கள் சோதிப்பது, நிதி விதித்தொகுப்பு, கருவூல விதித்தொகுப்பு, அடிப்படை விதிகள் போன்ற நூல்களில் எந்தப் பொருள் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை நீங்கள் விரைவாகக் கண்டுபிடிக்கிறீர்களா என்பதைத்தான். ஆகவே பழைய வினாத்தாளை எடுத்து, விடையை எழுதாமல், ஒவ்வொரு வினாவுக்கும் உரிய விதி எண்ணை மட்டும் தேடிக் குறிக்கும் பயிற்சியைத் தொடர்ந்து செய்யுங்கள். கோப்பில் குறிப்பு எழுதும்போது விதியைச் சுட்டி எழுதும் திறனும் இதனாலேயே வளரும். என் கருத்தில் துறைத் தேர்வின் உண்மையான பயன் அதுவே.

வழிகாட்டி நூல் வாங்கும்போது பதிப்பாண்டைப் பார்த்து வாங்குங்கள். 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் கீழான 2023ஆம் ஆண்டு விதிகளும் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. அதுவரை நகராட்சிகளை ஆண்ட 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் விலக்கப்பட்டது. பழைய சட்டத்தின் பிரிவு எண்களை மனப்பாடம் செய்தவர் இன்று சொத்துவரி மேல்முறையீட்டுக் கோப்பு ஒன்றைக் கூடச் சரியாக எழுத முடியாது. ஊராட்சிகளுக்கு 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமே அடிப்படை. திருத்தங்கள் சேர்ந்த பிரதி உங்களிடம் இருக்க வேண்டும்.

நகராட்சிக் கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு இங்கே ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அரசுத் துறைகளின் கணக்கு, பணம் வந்தபோதும் போனபோதும் மட்டும் பதியும் ரொக்க அடிப்படையிலானது. கணக்குத் தேர்வு கற்றுத்தருவதும் அந்தக் கருவூல முறையைத்தான். தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளோ, வர வேண்டிய வரியையும் கொடுக்க வேண்டிய பட்டியல் தொகையையும் அந்தந்த ஆண்டிலேயே பதியும் இரட்டைப் பதிவு முறைக்கு இரண்டாயிரமாம் ஆண்டையொட்டியே மாறிவிட்டன. தேர்வில் வென்றவர்கூட சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பின் முன் திகைத்து நிற்பதற்கு இந்த இடைவெளியே காரணம். இதை நிரப்ப, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் கணக்கியல் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளை எழுதலாம். செலவு குறைவு, அரசுச் சான்றிதழ், கற்பதும் அன்றாட வேலைக்கு நேரடியாக உதவும். தணிக்கையாளர் எழுப்பும் ஆட்சேபங்களான தணிக்கைத் தடைகளுக்குப் பதில் எழுதும் பொறுப்பில் இருப்பவர் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கட்டாயத் தேர்வுகள் முடிந்த பிறகு, மேசையில் உள்ள வேலையைப் பார்த்து அடுத்ததைத் தேர்ந்தெடுங்கள். ஊரகப் பணியாளர்களுக்கு மறைமலைநகரில் உள்ள மாநில ஊரக வளர்ச்சி நிறுவனமும், நகர்ப்புறப் பணியாளர்களுக்குக் கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு நகரியல் பயிற்சி நிறுவனமும் குறுகியகாலப் பயிற்சிகள் நடத்துகின்றன. இவற்றுக்குத் தனியே விண்ணப்பிப்பதைவிட அலுவலகம் வழியாகப் பெயர் அனுப்பச் செய்வதே முறை. ஒன்றிய அரசின் ஐகாட் கர்மயோகி தளத்தில் பல பாடங்களை இணையவழியில் படித்துச் சான்றிதழ் பெறலாம். சிறு பாடங்களாக இருப்பதால் பணிநாள் மாலைகளிலேயே முடியும். ஆழ்ந்து படிக்க விரும்புவோருக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் (இக்னோ) ஊரக வளர்ச்சிச் சான்றிதழும் முதுநிலைப் பட்டயமும் உண்டு. 1926இல் மும்பையில் தொடங்கப்பட்ட அகில இந்திய உள்ளாட்சி நிறுவனமும் உள்ளாட்சி நிர்வாகம், சுகாதார ஆய்வு ஆகியவற்றில் பட்டயங்கள் வழங்குகிறது. ஆயினும் வெளி நிறுவனப் பட்டயம் எதுவானாலும், உங்கள் பதவிக்குரிய விதியில் அது தகுதியாக ஏற்கப்பட்டுள்ளதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். தொலைநிலைப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் அந்தக் கல்வியாண்டுக்கு உள்ளதா என்பதையும் பாருங்கள்.

ஊக்க ஊதியத்தை மனத்தில் வைத்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். உயர்கல்விக்கு முன்னூதிய உயர்வு வழங்கிய பழைய முறை 2020 மார்ச்சில் கைவிடப்பட்டது. இப்போதைய சலுகை என்ன என்பதை நடப்பிலுள்ள அரசாணையைப் படித்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

படிப்பில் சேரும் முன் அலுவலகத் தலைவரிடம் எழுத்து வழியே அனுமதி பெறுங்கள். அனுமதியில்லாமல் பெற்ற பட்டத்தைப் பின்னர் பதிவதில் சிக்கல் வரும். துறைத் தேர்வில் தேறியதும் முடிவு வெளியான தேர்வாணைய அறிவிப்பிதழின் பக்கத்தை இணைத்து, பணிப்பதிவேட்டில் பதியுமாறு கடிதம் கொடுத்து, அதன் நகலில் ஒப்புதல் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதவி உயர்வுப் பட்டியல் தயாரிப்பவர் பார்ப்பது அந்தப் பதிவேட்டைத்தான். ஆண்டுதோறும் அதைச் சரிபார்க்கும்போது தேர்வின் பெயர், தேறிய பருவம், பதிவெண் மூன்றும் பிழையின்றி இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள்.